சித்தியின் கையில் கொடுத்துவிட்ட கடிதம்

மகள்,

இதைச் சித்தி வீட்டில் இருந்தே வாசித்துவிட்டு அவளிடமே கொடுத்துவிடு. உன் வாட்ஸ்அப்பை உன் மனுசன் பார்க்கிறார் என்பதால்தான் கடிதம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்திருந்தபோது அவர் வீடியோ கோல் எடுத்து, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று போனைச் சுற்றிக் காட்டச் சொன்னார். நீ என்னைக் காட்டினாய், அப்பாவைக் காட்டினாய், கோயில் வீதி முழுக்கக் காட்டினாய். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றிச் சால்வை. அது விலகினபோது நெரித்த அடையாளத்தைச் சித்தி கண்டுவிட்டாள். நீயோ அவர் அதற்கு முதல் கிழமை வாங்கித் தந்த சாறியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

உனக்குப் புத்தியில்லை என்று நான் நினைக்கவில்லை. குடும்பநல மாதுவாக, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வீடு வீடாய்ப் போனவள் நான். படித்தவள், உழைக்கிறவள், வாய்க்காரி எல்லோரும் இதில் மாட்டுப்பட்டதைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அடிக்கிற ஆளென்றால் நீ எப்போதோ வந்திருப்பாய். உன்னைப் பிடித்து வைத்திருப்பது அவர் நல்லவராக இருக்கிற நாட்கள். 1981இல் டட்டன், பெயின்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைத்தான் எழுதினார்கள்: ஒருவர் கை ஓங்கியிருந்து, அடியும் அன்பும் மாறி மாறி வந்தால் பிணைப்பு இறுகும். அடித்த கையே மருந்தும் பூசினால் வேறு ஆறுதல் தேடத் தோன்றாது. ட்ரோமா பொண்டிங் என்று இப்போது சொல்கிறார்கள். ஆகவே வந்த பிறகும் உனக்கு அவரைத் தேடும். அது வரும், இருந்துவிட்டுப் போகும். அதற்காகத் திரும்பிப் போகத் தேவையில்லை.

கழுத்தை நெரித்ததைக் கன்னத்தில் விடுகிற ஓர் அறையோடு சேர்த்துப் பார்க்காதே. அப்படிச் செய்தவன் பிறகு கொல்லவும் கூடும். வெளியே அடையாளம் இல்லாவிட்டாலும் உள்ளே வீங்கலாம். குரல் கரகரத்தால், விழுங்க நொந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் நெரித்தது என்றே சொல். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே நட்பு நிலையம் இருக்கிறது.

விட்டுப் போகப்போகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பிரிகிற நேரம்தான் ஆபத்து கூட. 'கடைசியாக ஒருக்கால் கதைப்போம்' என்றாலும் வேண்டாம். அவர் லொறியோடு கொழும்புக்குப் போகிற நாளாகப் பார். அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சித்தியிடம் சேர்த்துவிடு. நகையும் சாறியும் கிடக்கட்டும். போனில் 'அம்மா, முருங்கைக்காய் கிடக்கோ?' என்று கேட்டால் மாமா வானோடு வெளிக்கிடுவார். கை நீட்டிவிட்டால் அதுவரை பார்த்திருக்காமல் 119க்கு எடு. யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் 1938 பெண்களுக்கான இலக்கம். ஆனால் சித்தியின் போனில் எடு.

வழக்கு என்றதும் விவாகரத்து என்று பயப்படாதே. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை தரும். 12 மாதம் வரைக்கும் அவர் உன்னை நெருங்காமல் தடுக்கலாம். விசாரணைக்கு முன்னரே இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம். உனக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். பொலிஸில் சமாதானம் பேசி அனுப்பப் பார்ப்பார்கள், அது இங்கே வழமை. நீ கட்டளைதான் வேண்டும் என்று நில். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

சனம் கதைக்கும்தான். மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் கிடந்தபோதும் கதைத்தது. அப்பா உன் அறைக்கு உள்ளே பூட்டுப் போட்டுவிட்டார். பிள்ளையைச் சேர்ப்பது பற்றி இங்கே அதிபரோடு கதைத்தாயிற்று. உன் மனுசன் வந்து முற்றத்தில் நின்று அழுதால் நான் கதைத்துக்கொள்கிறேன், நீ வெளியே வர வேண்டாம்.

அம்மா