ஜெயிச்ச பொண்ணோட ஆட்டத்தையும் செய்தில போடுங்க: கோரிக்கை மனு

அனுப்புநர்:
கபடி ஆடுற பொண்ணோட அம்மா,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
செய்தி மக்கள் தொடர்புத் துறை, சென்னை.

பொருள்: விளையாட்டு வீராங்கனைகள் பத்தின அரசு செய்திக் குறிப்புல அவங்க ஆட்டத்தோட விவரமும் சேக்கக் கோரி.

ஐயா, வணக்கம்.

மனு பாஷைல எழுதினா சொல்ல வந்தது தொலைஞ்சு போயிடும்னு பேசுற மாதிரியே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய யூத் கேம்ஸ் நடந்துச்சுல்ல, அதுல நம்ம பொண்ணுங்க கபடி ஃபைனல்ல ஈரானை 75-21னு போட்டு எடுத்தாங்க. ஆட்டம் தெரிஞ்சவங்களுக்கு ஸ்கோரைக் கேட்டாலே புரியும், எதிர் டீமை திரும்பத் திரும்ப ஆல் அவுட் பண்ணாம இப்படி ஒரு ஸ்கோர் வராது. டீமோட வைஸ் கேப்டன் நம்ம சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அவங்க ஊர் திரும்பினதும் நானும் என் பொண்ணும் சேனல் மாத்தி மாத்தி பாத்தோம், வீடு எவ்ளோ சின்னது, என்ன கஷ்டப்பட்டாங்க, அம்மா அழுதாங்களான்னு இதே தான் ஓடுச்சு. ரெய்டுல எப்படி பாயிண்ட் எடுத்தீங்க, ஈரான் டிஃபன்ஸ் எப்படி இருந்துச்சுன்னு நாங்க பாத்த வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. கஷ்டத்த சொல்லவே கூடாதுன்னு நான் சொல்லல, கண்ணகி நகர்னு அட்ரஸ் சொன்னாலே வேலை குடுக்க யோசிக்கிற ஊர் இது, அந்தப் பேர் பெருமையா டிவில வந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா 75 பாயிண்ட் எங்க சார் போச்சு?

காசிமா 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பைல சிங்கிள்ஸ், டபுள்ஸ், டீம்னு மூணு தங்கம் வாங்கினாங்க, தலைப்பு என்னன்னா "ஆட்டோ டிரைவர் மகள்". அவங்களுக்கு கேரம் சொல்லிக் குடுத்ததே அதே அப்பாதான், அத தலைப்புல போட்டா என்ன குறைஞ்சுடும்? வைஷாலி மகளிர் கிராண்ட் ஸ்விஸ் செஸ்ஸ 2023லயும் 2025லயும் ஜெயிச்சவங்க, இன்னும் பல பேருக்கு அவங்க பிரக்ஞானந்தா அக்கா. தம்பி ஜெயிக்கும்போது "வைஷாலி தம்பி"ன்னு எவனாவது தலைப்பு வெக்கிறானா. மிதாலி ராஜ்கிட்ட 2017ல உங்களுக்குப் பிடிச்ச ஆண் கிரிக்கெட்டர் யாருன்னு ஒரு ரிப்போர்ட்டர் கேட்டாரு, ஆம்பளைங்ககிட்ட இப்படி பிடிச்ச வீராங்கனை யாருன்னு கேப்பீங்களான்னு திருப்பிக் கேட்டாங்க பாருங்க, அந்த தைரியம் பதினாலு வயசுப் புள்ளைக்கு வருமா?

ஏன் கேக்கறேன்னா என் பொண்ணு டீம் மாவட்ட லெவல்ல ஜெயிச்சப்ப ஒரு லோக்கல் சேனல்ல இருந்து வந்தாங்க. பசங்க டீம்கிட்ட அடுத்த டோர்னமெண்ட் எங்க, யாரு கோச்னு கேட்டாங்க. இவகிட்ட வந்து கல்யாணம் ஆனப்புறமும் ஆடுவியாம்மா, வீட்ல சமைப்பியான்னு கேட்டாங்க. அவ கார்னர்ல நின்னு ரெய்டு வர்றவங்களப் புடிக்கிறவ, கணுக்காலப் புடிச்சுட்டா விட மாட்டா, அந்த மேட்ச்ல கடைசி பாயிண்டே அவ டேக்கிள்தான். அத சொல்லலாம்னு காத்திட்டு இருந்துட்டு வந்து ரெண்டு நாள் என்கிட்டயே சரியா பேசல.

பிரைவேட் சேனல் இப்படித்தான் பேசணும்னு நீங்க உத்தரவு போட முடியாது, போடவும் வேணாம். ஆனா உங்க துறை அனுப்புற செய்திக் குறிப்ப நிறைய பேப்பர்ல அப்படியே போடுறாங்க. முதல்வர்கிட்ட செக் வாங்குற போட்டோவோட தொகை எவ்ளோன்னு வருது, வரட்டும். கூடவே ஃபைனல் ஸ்கோர், அந்தப் பொண்ணு எந்த பொசிஷன், கோச் யாரு, அடுத்து எந்தப் போட்டின்னு ரெண்டு வரி, ஆடும்போது எடுத்த போட்டோ ஒண்ணு, அவ்ளோதான் கேக்கறேன். முதலமைச்சர் கோப்பை நடக்கும்போது பொண்ணுங்க ரிசல்ட்டும் பசங்க ரிசல்ட்டோட அன்னிக்கே வெளியாகணும்.

இன்னொண்ணு, வீராங்கனைகள எப்படி காட்டணும்னு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே வழிகாட்டி போட்டிருக்கு. அதத் தமிழ்ல எளிமையா மாத்தி, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட சேந்து மாவட்ட ரிப்போர்ட்டருங்களுக்கு ஒரு நாள் கிளாஸ் வையுங்க. பேசறதுக்கு முன்னாள் வீராங்கனைகளக் கூப்பிடுங்க, அதிகாரிங்க மட்டும் மேடைல உக்காந்தா வேலைக்கு ஆகாது.

அடுத்த முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிக்கு முன்னாடியே இத செஞ்சு குடுக்கணும்னு கேட்டுக்கறேன். இந்த மனுவோட காப்பிய எங்க மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலர் ஆபீஸ்லயும் குடுத்திருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு கபடி வீராங்கனையோட அம்மா