நாலு முறை அலையவிட்ட கூலிங் கிளாஸ் பற்றி ஐந்தாவது கடிதம்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் அனுப்பிய நாலு கடிதத்துக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது, அதுவும் அனுப்பின அடுத்த நொடியே. மனுஷர் யாரும் படிக்கவில்லை என்று அதிலேயே தெரிகிறது. இதையாவது யாராவது உட்கார்ந்து படியுங்கள், தயவுசெய்து.

ஹெலிகாப்டர் ஓட்டும்போது போட்டுக்கொள்ள நான் கேட்டது உங்கள் பைலட் வரிசையில் இரண்டே ஜோடி. பனி மேல் நல்ல வெயில் அடிக்கிற நாளுக்குச் சாம்பல் நிறம், 15 சதவீதம் வெளிச்சம் விடுவது. மேகம் மூடின நாளுக்குப் பிரவுன், 30 சதவீதம். இரண்டும் போலரைஸ்டு (பட்டுத் தெறிக்கிற கூசும் ஒளியை வடிகட்டுகிற வகை) இல்லாதது, காதில் மாட்டுகிற கம்பி மெலிசாக இருப்பது. ஆர்டரில் எழுதினேன், போனில் சொன்னேன், எம்.சி. ரோடு கடையில் துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தேன். டிசம்பர் 2ஆம் தேதி 21,400 ரூபாய் கட்டியாகிவிட்டது. வந்தது என்னவென்று உங்களுக்கே தெரியும். ஒன்று எலுமிச்சம்பழ மஞ்சள், அதுவும் போலரைஸ்டு. இன்னொன்று வெயில் பட்டால் தானாகக் கறுக்கிற ஃபோட்டோகுரோமிக். இரண்டிலும் கம்பி விரல் தடிமனுக்கு.

மஞ்சளைப் போட்டுக்கொண்டு போனைக் குறுக்கே திருப்பினால் திரை கறுப்பாகிவிடுகிறது. இதைக் கடையில் இருந்தவரிடமே செய்து காட்டினேன். "உங்க போன்ல கோளாறு சார்" என்றார். சரி, உங்க போனைக் கொடுங்க என்று வாங்கித் திருப்பினேன், அதுவும் கறுத்தது. "லைட் போடுறேன் சார், தெரியும்" என்றார். ஐயா, என் காக்பிட்டில் முன்னால் இருப்பதெல்லாம் இந்த மாதிரித் திரைதான். தலையைச் சாய்த்தால் அது இருட்டிப்போகக் கூடாது. போதாததற்குப் போலரைஸ்டு போட்டால் முன்கண்ணாடியில் வானவில் மாதிரித் திட்டுத்திட்டாகத் தெரியும், கீழே பனிக்கட்டியின் மினுமினுப்பும் மறைந்துவிடும். பைலட் பெயரைச் சொல்லிக் கண்ணாடி விற்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஆனால் அவர்கூடப் பரவாயில்லை. உங்கள் கால்சென்டர் ஆசாமி பேசினதுதான் இன்னும் காதிலேயே நிற்கிறது. பனியில் பறக்க வாங்கினது, மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடையில் புகுந்து, "மெட்ராஸ்ல ஏது சார் பனி? உங்க ஏரியால ஐஸ் இருக்கிறதே காசிமேட்டுல மீன் மேலதான்" என்று சிரித்தார். பக்கத்தில் இன்னொரு ஆளும் சிரித்தது கேட்டது. நான் அந்தக் காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், அந்த ஐஸை உங்கள் ஆளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வீடு தண்டையார்பேட்டை என்றால் வேலையும் தண்டையார்பேட்டையிலேயே இருக்க வேண்டுமா? நான் ஹெலிகாப்டர் ஓட்டுவது லடாக்கில். சோஜிலா கணவாய் பனியில் மூடினால் திராஸிலிருந்தும், சாலை அடைபட்டால் பதுமிலிருந்தும் நோயாளிகளையும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளையும் ஏற்றி வருகிறோம். லே விமான நிலையமே பத்தாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது.

அங்கே மேகம் மூடி, கீழே முழுக்கப் புதுப் பனியாக இருக்கிற நாளைத்தான் ஃபிளாட் லைட் என்கிறோம். நிழலே விழாது. நிழல் இல்லையென்றால் மேடு பள்ளம் தெரியாது, தரை 20 அடியில் இருக்கிறதா 200 அடியில் இருக்கிறதா என்று கண் சொல்லாது. ஒரு பாறை, ஒரு கொடி, கீழே நிற்கிற ஆள், இப்படிக் கறுப்பாக ஏதாவது ஒன்றைக் கண்ணில் பிடித்துக்கொண்டுதான் இறக்குவோம், கடைசி நேரத்தில் இறக்கைக் காற்று பனியைக் கிளப்பிவிட்டால் அதுவும் மறைந்துவிடும். இல்லாத நிழலை எந்தக் கண்ணாடியும் கொண்டுவராது, "ஃபிளாட் லைட்டிலும் எல்லாம் பளிச்" என்று பெட்டியில் நீங்கள் போட்டிருப்பது வெறும் பேச்சு. பிரவுன் நீல ஒளியைக் கொஞ்சம் குறைக்கும், இருக்கிற துளி வித்தியாசத்தைக் கொஞ்சம் எடுத்துக்காட்டும். நான் கேட்டது அவ்வளவுதான். மஞ்சளும் அதைச் செய்யும் என்று உங்கள் ஆள் வாதாடினார், ஆனால் மஞ்சளில் எச்சரிக்கை விளக்குகளின் நிறமே மாறிப்போகும். அமெரிக்க விமானத் துறை பைலட்டுகளுக்குப் போட்டிருக்கிற கையேட்டிலேயே சாம்பல், சாம்பல் பச்சை, பிரவுன்தான் சொல்லியிருக்கிறார்கள், போலரைஸ்டு வேண்டாம் என்றும்தான்.

அந்தத் தானாகக் கறுக்கிற கண்ணாடி அதைவிட மோசம். அது கறுப்பது புற ஊதாக் கதிர் பட்டால். காக்பிட் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், அதனால் பறக்கும்போது கறுக்க வேண்டிய அளவு கறுக்காது. இறங்கி வெளியே வந்தால் அந்தக் குளிரில் கன்னங்கரேலென்று ஆகிவிடும், மறுபடி ஏறி உட்கார்ந்தால் சீக்கிரம் தெளியவும் தெளியாது. மழைக்கு விரியாமல் வீட்டுக்குள் வந்து விரிகிற குடையை யாராவது வாங்குவார்களா?

மாதவரம் குடோனுக்கு நான் போனதைச் சொல்லவில்லையே. அது 14ஆம் தேதி, கடைக்குப் போனதற்கு முன்னால். நேரில் கொண்டுபோனால் அன்றே மாற்றித் தருவார்கள் என்று உங்கள் மேடம் ஒருவர் சொன்னார் (அவர் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன்). கொட்டுகிற மழையில் வண்டியை எடுத்தேன். கொருக்குப்பேட்டை கேட்டில் மூன்று கூட்ஸ் வண்டி போகிற வரை நனைந்தேன், மூலக்கடையில் லாரிகளுக்கு நடுவில் அரை மணி நேரம். போய்ச் சேர்ந்தால், "ஸ்டாக் எடுக்கிறாங்க சார், இன்னைக்கு யாரையும் உள்ள விட மாட்டாங்க" என்று செக்யூரிட்டி. கேட்டுக்கு வெளியே நின்று போன் போட்டால் எடுத்தது யார் தெரியுமா? அதே ஐஸ் ஜோக் ஆசாமி. "மண்டே வாங்க சார்" என்றார். அந்தத் திங்கட்கிழமை கிண்டி அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், மெட்ரோ பிடித்துப் போனேன், அங்கே மறுபடி மாதவரம் என்றார்கள்.

லீவில் 11 நாள் உங்களுக்கே போய்விட்டது. தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குப் பந்தி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தேன், எங்கள் மாமா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு பறந்திருந்தால் என் உயிரோடு பின்னால் உட்கார்ந்திருக்கிற ஐந்து பேர் உயிரும் போயிருக்கும். அதனால் எழுதி வைத்திருக்கிற நுகர்வோர் மனுவில் நஷ்ட ஈடு ஐந்து லட்சம் என்று போட்டிருக்கிறேன், அதுவே குறைச்சல்.

நான் சண்டைக்காரன் இல்லை. ஜனவரி 3ஆம் தேதிக்குள் சரியான இரண்டு ஜோடியை வீட்டுக்கு அனுப்பினால் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், 5ஆம் தேதி காலை எனக்கு விமானம். இல்லையென்றால் பணத்தைத் திருப்பிப் போடுங்கள். இரண்டும் இல்லையென்றால் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் வட சென்னை நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், நான் கட்டின தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. மனு எழுதித் தயாராக இருக்கிறது, உங்கள் ஆள் பேசினதையும் அப்படியே அதில் எழுதியிருக்கிறேன்.

பார்சல் கொண்டு வருபவரைப் பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருப்பார். பழைய இரண்டையும் அவரே எடுத்துக்கொண்டு போகட்டும், நான் இனி மாதவரம் வருவதாக இல்லை.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து, இன்று வரை உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: இது சம்பந்தமாகப் போன் செய்வதாக இருந்தால் தயவுசெய்து அந்த ஐஸ் ஆசாமியைச் செய்ய வைக்காதீர்கள்.