ஆண்டறிக்கை 2025–26: சீசன் டிக்கெட் விலை உயர்வும் நமது சங்கத்தின் நிலைப்பாடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, காரைக்குடியின் செக்காலை, கழனிவாசல், முத்துப்பட்டணம் பகுதிகளிலிருந்தும், கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை எனச் சுற்றுவட்ட ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நமது கால்பந்து ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சங்கத்தின் நிகழ்ச்சிகளை மாதவாரியாக எடுத்துச் சொல்வதே இதுவரை இருந்துவந்த முறை. இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியைக் கோடைக்கால மின்னொளிக் கால்பந்துத் தொடரின் சீசன் டிக்கெட் விலையே எடுத்துக்கொண்டதால், அறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது. மற்றப் பணிகளைப் பொறுத்தவரை, சிறுவர் பயிற்சி முகாம் வழக்கம்போல் நடைபெற்றது. பாரிஸ் அணி 5–0 என இன்டர் மிலானை வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை நள்ளிரவில் பெரிய திரையில் உறுப்பினர்கள் கூடிப் பார்த்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நம் ஊர்ப் பொட்டலில் கோடை விடுமுறையில் நடக்கும் எழுவர் கால்பந்துத் தொடருக்குச் சீசன் டிக்கெட் எடுப்பவர்களில் கணிசமானோர் நமது உறுப்பினர்கள். எந்த அணி வரும், எந்த ஆட்டம் மழையில் நிற்கும் என்று எதுவும் தெரியாத நிலையில், முதல் பந்து உருள்வதற்குப் பல நாள்களுக்கு முன்பே முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுகிறவர் சீசன் டிக்கெட்காரர். அந்தப் பணத்தை வைத்துத்தான் சவுக்குக் கம்பு கட்டிக் கேலரி போடுகிறவருக்கும், விளக்குக் கோபுரம் வாடகைக்கு விடுகிறவருக்கும் முன்பணம் போகிறது. ஆகவே தொடருக்கு முதல் கடன் கொடுப்பவர் அவரே என்று சொன்னால் அது மிகையாகாது. அவரை முதலில் மதிக்க வேண்டும் என்பதே இந்த அறிக்கையின் அடிப்படை.

நடந்தது என்னவென்றால், 2023இல் 250 ரூபாயாக இருந்த சீசன் டிக்கெட் 2024இல் 350 ரூபாய் ஆனது. அப்போது முணுமுணுப்பு இருந்தாலும் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலைவாசி ஏறுகிறது, இதுவும் ஏறுகிறது என்று விட்டுவிட்டார்கள். 2025இல் அது ஒரே தாவலில் 600 ரூபாய் ஆயிற்று. அத்துடன் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. மாணவர்களுக்கான அரை டிக்கெட் நிறுத்தப்பட்டது. அரையிறுதிக்கும் இறுதியாட்டத்துக்கும் சீசன் டிக்கெட் செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்ற விதி புகுத்தப்பட்டது. இந்த இரண்டாவது மாற்றம்தான் பலரையும் உண்மையில் புண்படுத்தியது. மூன்று வாரம் தூசியிலும் புழுக்கத்திலும் உட்கார்ந்து லீக் ஆட்டங்களையெல்லாம் பார்த்தவர், கோப்பை யாருக்கு என்று தெரியும் இரவில் வரிசையில் நின்று புதிதாகப் பணம் கட்ட வேண்டும் என்பதை எந்த நியாயத்தில் ஏற்பது?

டிக்கெட் விற்பனை தொடங்கிய மாலையில் கவுன்டர் அருகே நான் நின்றிருந்தேன். ஆத்தங்குடியில் தளக்கல் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர், வேலை முடிந்து கை நகங்களில் சிமென்டுச் சாயம் போகாமலே, இரண்டு மகன்களையும் சைக்கிளில் வைத்து அழைத்து வந்திருந்தார். “சின்னவனுக்கு அரை டிக்கெட் போடுங்க தம்பி” என்றார். “இந்த வருசம் அரை டிக்கெட்டே இல்லண்ணே, எல்லாருக்கும் ஒரே ரேட்டு” என்று கவுன்டரில் இருந்த இளைஞர் சங்கடத்தோடு சொன்னார். மூன்று பேருக்கு 1,800 ரூபாய். அவர் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து எண்ணிப் பார்த்தார். பெரியவனுக்கு மட்டும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்தார். தொடர் முழுவதும் பெரியவன் கேலரியில் இருந்தான். தகப்பனாரும் சின்னவனும் தகர அடைப்பில் ஆணி கழன்ற இடத்தில் நின்று பார்த்தார்கள். முந்தைய ஆண்டு வரை மூவரும் மேற்குக் கேலரியில், மூன்றாம் படியில், ஒரே இடத்தில் உட்கார்ந்தவர்கள். குடும்பத்தோடு வந்தவர்களில் இப்படிப் பிரிந்துபோனவர்கள் பலர் என்பதை உறுப்பினர்கள் செயற்குழுவுக்குத் தந்த கடிதங்கள் காட்டுகின்றன.

அமைப்பாளர்கள் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டருக்கான டீசல், வெளியூர் அணிகளின் பயணம், தங்கல், சாப்பாடு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி அழைத்துவரப்படும் வெளிமாநில, வெளிநாட்டு வீரர்களின் ஊதியம் ஆகிய அனைத்தும் உயர்ந்திருப்பது உண்மை. செலவுக் கணக்கை அவர்கள் நமக்குக் காட்டினார்கள். அதில் ஐயம் கொள்ள இடமில்லை. ஆனால் பொட்டலைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டப்பட்ட விளம்பரப் பதாகைகளுக்கு வந்த வருவாய் எவ்வளவு என்று கேட்டபோது பதில் வரவில்லை. செலவுப் பக்கத்தை மட்டும் காட்டி விலையை நியாயப்படுத்துவது, கணக்கெழுதிப் பழகிய செட்டிநாட்டில் எவரும் ஏற்கக்கூடியதன்று. நகரத்தார் கோயில்களில் புள்ளி (மணமான குடும்பம்) ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி வைப்பதற்கு முன் புள்ளிகளைக் கூட்டி வரவையும் செலவையும் வாசித்துவிட்டுத்தான் தொகையைச் சொல்வார்கள்; கூடுதல் என்று தோன்றினால் அங்கேயே எழுந்து கேட்கலாம். நாம் கேட்பது அந்த அளவு மரியாதையைத்தான்.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். அமைப்பாளர்களிடம் கொடுத்த மனுவில் இங்கிலாந்து, ஜெர்மனி நாடுகளின் அனுபவத்தை விரிவாகவே எடுத்துக்காட்டியிருந்தோம். அவற்றில் முக்கியமானவற்றைப் பதிவுக்காக இங்கே தருகிறேன்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தனர். அதை விசாரித்த நீதியரசர் டெய்லர் 1990இல் அளித்த இறுதி அறிக்கையில், பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் பகுதிகளை நீக்கி அனைவருக்கும் இருக்கை அமைக்கப் பரிந்துரைத்தார். இருக்கை போட்டால் விலை ஏறிவிடுமே என்ற கவலையையும் அவர் விட்டுவைக்கவில்லை. நின்று பார்ப்பவர்களின் கைக்கு எட்டும் விலையிலேயே மலிவான இருக்கைகளை வைக்க முடியும் என்று எழுதி, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு என்று இருந்ததை எடுத்துக்காட்டினார். இருக்கைகள் வந்தன. விலை குறித்து அவர் சொன்னதைக் கால்பந்துக் கழகங்கள் காற்றில் விட்டன. 1992இல் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக் தொடங்கியபின் தொலைக்காட்சிப் பணம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 2016 முதல் 2019 வரையிலான மூன்று பருவங்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 500 கோடி பவுண்டுக்கு மேல் விற்றது. அப்படியிருந்தும் டிக்கெட் விலை இறங்கவில்லை.

அந்தப் பெரும் ஒப்பந்தம் தொடங்கவிருந்த 2016ஆம் ஆண்டில்தான் லிவர்பூல் கழகம், புதிதாகக் கட்டிவந்த பிரதான கேலரியில் உயர்ந்த விலை டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்தது. பிப்ரவரி 6 அன்று சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தில் தங்கள் அணி 2–0 என முன்னிலையில் இருந்தபோதே, 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். ஆட்டம் 2–2 என முடிந்தது. அடுத்த சில நாள்களில் உரிமையாளர்கள் அந்த விலையைத் திரும்பப் பெற்று, இரண்டு பருவங்களுக்கு விலை உயர்வையும் நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டில் வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று பிரீமியர் லீக் கழகங்கள் முடிவு செய்தன. ரசிகர் அமைப்புகள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பயன் அது. அதே பிப்ரவரியில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் ரசிகர்கள், ஸ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்தின் டிக்கெட் விலையைக் கண்டித்து முதல் இருபது நிமிடம் வெளியே நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் ஆடுகளத்தில் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். கழக வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உள்ள நாடு அது. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்குப் பகுதியில் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்க இன்றும் இடமுண்டு.

நம் உறுப்பினர் ஒருவரின் மகன் இங்கிலாந்தில் பணியில் இருக்கிறார். அங்கே சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். அவர் தொலைபேசியில் சொன்ன ஒரு செய்தி செயற்குழுவின் சிந்தனையை மிகவும் பாதித்தது. ஒரு பருவம் புதுப்பிக்காமல் விட்டால் இடம் போய்விடும், மீண்டும் காத்திருப்போர் பட்டியலில் பல ஆண்டுகள் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்தினால் எவ்வளவு கேட்டாலும் கட்டிவிடுகிறோம், கழகத்துக்கும் அது தெரிந்தே இருக்கிறது என்றார் அவர். நம் பொட்டலிலும் புதுப்பித்தவர்களுக்கே பழைய இடம் என்ற வழக்கம் இருக்கிறது. விட்டுப்போக மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தவரிடமே அதிகம் வாங்குவது, பற்றுள்ளவரை அந்தப் பற்றுக்காகவே தண்டிப்பதாகும். 2024 இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் கழகம், மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளைப் பருவத்தின் நடுவிலேயே 66 பவுண்டு ஆக்கி, சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையையும் எடுத்துவிட்டபோது அங்கே எழுந்த கொதிப்பு, நம் அரை டிக்கெட் விவகாரத்தில் எழுந்ததற்கு எவ்வகையிலும் வேறானதன்று.

எதிர்ப்பை எப்படிக் காட்டுவது என்பது பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. தொடரையே புறக்கணிக்க வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் வலியுறுத்தினார்கள். விலையை வைத்தவர்கள் வீரர்கள் அல்லர். வெறும் கேலரியின் முன் ஆடும்படி அவர்களை விடுவது முறையன்று என்று மூத்த உறுப்பினர்கள் கருதினார்கள். என் எண்ணமும் அதுவே. முடிவில், உள்ளூர் அணி ஆடிய ஓர் இரவில் முதல் பாதி முழுவதும் நாம் வாயிலுக்கு வெளியே நிற்பது, இடைவேளைக்குப் பின் உள்ளே சென்று அமர்வது என்று தீர்மானித்தோம். தப்பும் ட்ரம்மும் எடுத்துச் செல்லப்படவில்லை. அந்த இரவில் மேற்குக் கேலரியின் நடுப்பகுதி வெறும் பலகையாகக் கிடந்ததையும், கோல் விழுந்தபோதுகூட அங்கிருந்து சத்தம் எழாததையும் அமைப்பாளர்கள் நேரில் பார்த்தார்கள். எவரும் தகாத சொல் பேசவில்லை, ஒரு கம்புகூட அசைக்கப்படவில்லை என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். மறுநாளே பேச்சுக்கு அழைப்பு வந்தது.

அதைத் தொடர்ந்தும், தொடர் முடிந்தபின் மழைக்காலத்திலும், பொங்கலுக்குப் பிறகும் நடந்த பேச்சுகளின் பயனாக இரண்டு முடிவுகள் எழுத்து வடிவில் கிடைத்திருக்கின்றன. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரை டிக்கெட் 2026 தொடரிலிருந்து மீண்டும் வரும். சீசன் டிக்கெட் இனி அரையிறுதிக்கும் இறுதியாட்டத்துக்கும் செல்லும். இவை பெரிய வெற்றிகளே. இதற்காக உழைத்த துணைச் செயலாளருக்கும் மனுவைச் செப்பமாக எழுதித் தந்த ஆசிரியர் உறுப்பினர்களுக்கும் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

ஆனால் அடிப்படைக் கேள்வி தீரவில்லை. 2026 தொடரின் விலை இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. விலையை முடிவு செய்யும் கூட்டத்தில் ரசிகர்களின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்ற நம் கோரிக்கைக்கு, “பார்க்கலாம்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தொடர் நடத்துகிறவர்கள் பொறுப்பேற்றுப் பணம் போடுகிறவர்கள், முடிவு அவர்களுடையது என்ற வாதத்தை மதிக்கிறேன். எனினும் காலம் அந்த வாதத்தைக் கடந்து சென்றுகொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம், டிக்கெட் விலையை மாற்றும்போது கழகங்கள் ரசிகர்களைக் கலந்து பேச வேண்டும் என்பதைத் தன்னுள் கொண்டிருக்கிறது. உலகக் கோப்பை டிக்கெட் விலைக்கு ரசிகர்கள் தெரிவித்த கடும் எதிர்ப்புக்குப் பின், 2025 டிசம்பரில் ஃபிஃபாவே 104 ஆட்டங்களுக்கும் 60 டாலர் டிக்கெட்டுகளைச் சிறு அளவிலேனும் ஒதுக்க நேர்ந்தது. அவ்வளவு பெரிய அமைப்புகள் கேட்டுக்கொள்ள முடிந்ததை, தெருவில் தினமும் சந்தித்துப் பேசிக்கொள்ளும் நாம் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள முடியாதா?

விலை உயரவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உயர்வுக்கான கணக்கை வரவோடும் செலவோடும் முன்கூட்டிக் காட்டினால் தாங்கக்கூடிய உயர்வை உறுப்பினர்கள் ஏற்பார்கள். தாங்க இயலாதவர்களுக்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். கிழக்குப் பக்கம் கேலரி போடாத வெறுந்தரையில், கயிறு கட்டி, உரிய வாயில்களும் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வைத்து, நின்று பார்ப்பவர்களுக்குக் குறைந்த விலைச் சீசன் டிக்கெட் கொடுக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஒருமனதாக ஏற்றிருக்கிறது. தளக்கல் தொழிலாளி, கட்டடத் தொழிலாளி, கல்லுக்கட்டிக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் ஆகியோர் தகர அடைப்பின் ஓட்டையை விட்டு உள்ளே வர இதுவே எளிய வழி.

ஆகவே பின்வரும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்: கோடைத் தொடரின் சீசன் டிக்கெட் விலையை விற்பனைக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னர் அறிவிக்கவும், விளம்பர வருவாய் உட்பட முழுக் கணக்கையும் ரசிகர் பிரதிநிதிகளுக்குக் காட்டவும், கிழக்குப் பக்கத்தில் குறைந்த விலை நிற்கும் பகுதி அமைக்கவும் அமைப்பாளர்களை இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது, பேச்சு நடத்தச் செயற்குழுவுக்கு அதிகாரம் அளிக்கிறது, விற்பனை தொடங்கும் நாள்வரை பதில் வராவிட்டால் மீண்டும் கூடி அடுத்த நடவடிக்கையை முடிவு செய்யும்.

தீர்மானத்தை வழிமொழிபவர்கள் தங்கள் பெயரைத் தலைவரிடம் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்