படுத்தே கிடக்காதே, மாப்பிள்ளை

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆச்சு, பதில் போடவில்லை, கோபம் இருந்தால் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். பேத்தி கோவையில் கல்லூரி சேர்ந்துவிட்டாள். மற்றதெல்லாம் என் இடுப்புக் கதைதான்.

முன்னோருக்குப் படைக்கும் படைப்பு சமயத்தில் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியிலிருந்து பித்தளை அண்டாவைக் குனிந்து தூக்கினேன். சுளீர் என்று பிடித்தது பார், வளவு முற்றத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றவன் ஆச்சி வந்து தாங்கும்வரை அசையவில்லை. காரைக்குடியில் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே ஜவ்வு தேய்ந்திருக்கிறதாம். பயந்துபோய் மூன்று வாரம் படுத்துவிட்டேன்.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

எழுந்தபோது முகப்புப் படி ஏறத் தூண் வேண்டியிருந்தது, தொடை சதையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. பிசியோதெரபி பையன் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னான். 22 விநாடி ஆனது. 15-ஐத் தாண்டினாலே தசை பலம் குறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம். முப்பது வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அறுபதுக்குப் பிறகு வேகமாக. ஆரோக்கியமான வயதானவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வில் காலில் மட்டும் சுமார் 1 கிலோ போனதாம்! தேய்மானமோ, வலியே இல்லாத 80 வயதுக்காரர்களில்கூட 100க்கு 90 பேருக்கு மேல் ஸ்கேனில் தெரியுமாம். அந்தத் தாளைப் பார்த்தா நாம் படுக்கையில் விழுந்தோம்?

நீயும் இடுப்பு வலி என்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு படுத்தே கிடக்கிறாய் என்று தங்கச்சி போனில் அழுதாள். எழுந்திரு மாப்பிள்ளை. வலி பொறுக்கிற அளவுக்கு நட, காலையும் மாலையும் பத்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார். ராத்திரி வெள்ளைப் பணியாரமும் சட்னியும் மட்டும் போதாது. எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 கிராமாவது புரதம் வேண்டும், உன் 65 கிலோவுக்கு 65 கிராம். இரண்டு முட்டையில் 12தான் வரும், அதனால் பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடு. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. சிறுநீர் அடைத்தாலோ தன்னால் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் பலமிழந்து இழுத்தாலோ, விடியட்டும் என்று இருக்காதே, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போ.

எனக்கு வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் நேற்று 13 விநாடியில் எழுந்து உட்கார்ந்தேன், முகப்புப் படியும் பிடிக்காமல் ஏறுகிறேன். பிள்ளையார் நோன்புக்கு நீ கட்டாயம் வரவேண்டும், மறுநாள் இரண்டு பேரும் குன்றக்குடி முருகன் கோயில் படி ஏறுவோம்.

ஞாயிறு ராத்திரி போன் செய்வேன். ஐந்து முறைக்கு எத்தனை விநாடி என்று எண்ணி வை, தங்கச்சியிடமும் கேட்பேன்.