மெஷினைத் தொட விடுங்கள்

மதிப்பிற்குரிய நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும் டியூட்டர்களுக்கும் வணக்கம்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். உங்கள் மாணவிகள் வருஷா வருஷம் எங்களிடம் போஸ்டிங் வருகிறார்கள். கை கழுவுகிறார்கள், கவுன் மாட்டுகிறார்கள், சுவரோரம் நிற்கிறார்கள். குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் மெஷினான வார்மரின் படத்தை ரெக்கார்ட் நோட்டில் அழகாக வரைகிறார்கள். கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். மெஷினில் கை வைக்காதே என்று நீங்களும் சொல்லி அனுப்புகிறீர்கள், நாங்களும் அதையே சொல்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு குழந்தைக்கு இரண்டு பேர் ஓடுகிற ஷிஃப்டில் வேறெதுவும் வாயில் வராது.

அதே பிள்ளைகள்தான் இரண்டு வருஷத்தில் நைட் டியூட்டிக்கு வந்து நிற்கிறார்கள்.

போன வருஷம் அப்படி வந்த ஒரு பெண். விடியற்காலை மூன்று மணி இருக்கும். வார்மர் அலாரம் அடிக்கிறது, அமர்த்துகிறாள். திரும்ப அடிக்கிறது, திரும்ப அமர்த்துகிறாள். எட்டிப் பார்த்தால் திரையில் 33.8 டிகிரி. "பாப்பா ஜில்லுனு இருக்கு சிஸ்டர், அதான் ஹீட்டர் ஃபுல்லா ஓடுது" என்றாள். குழந்தை மேல் கை வைத்தேன், கொதித்தது. குழந்தையின் சூட்டை அளக்க வயிற்றில் ஒட்டியிருக்க வேண்டிய ப்ரோப் கழன்று, மூத்திரத் துணிக்கு அடியில் கிடந்தது. துணியின் சூட்டை 36.5-க்கு ஏற்றுவதற்காக மெஷின் பாடுபட்டுக்கொண்டிருந்தது, குழந்தை அதற்குக் கீழே வெந்துகொண்டிருந்தது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 38.4. நல்லவேளை, சீக்கிரம் பார்த்துவிட்டோம்.

அவளைத் திட்டினேன். அப்புறம் வருத்தமாக இருந்தது. ஸ்கின் மோடு (ப்ரோபைப் பார்த்து மெஷினே சூட்டைக் கூட்டிக் குறைப்பது), மேனுவல் மோடு (நாமே சூட்டை வைப்பது) வித்தியாசமெல்லாம் வைவாவில் சொல்லி மார்க் வாங்கியவள்தான். ப்ரோப் கழன்றால் மெஷின் என்ன செய்யும் என்று ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இதைக் காட்ட ஒரு வார்மரும் ஒரு பொம்மையும் போதுமே. ப்ரோபைப் பிடுங்கி ஈரத் துணியில் போடுங்கள். அலாரம் அடிக்கட்டும். பிள்ளைகளின் கை முதலில் எங்கே போகிறதென்று பாருங்கள். சைலன்ஸ் பட்டனுக்குப் போனால் மறுபடியும் பிடுங்குங்கள், கை பொம்மைக்குப் போகிறவரை.

சிரிஞ்சில் இருக்கும் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏற்றும் சிரிஞ்ச் பம்பும் அப்படித்தான். ஒரு கிலோ குழந்தைக்கு முதல் நாள் முழுக்க 80 மில்லி திரவம் என்றால் மணிக்கு 3.3 மில்லி. அந்தப் புள்ளி விட்டுப்போய் 33 என்று விழுந்தால், ஒரு நாள் திரவம் இரண்டரை மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடும். சிரிஞ்ச் எந்தக் கம்பெனி என்று பம்பில் தேர்ந்தெடுக்க வேண்டும், மாற்றி அழுத்தினால் விட்டக் கணக்கு மாறி அளவும் தவறும். கரும்பலகையில் நடத்தி இது மனசில் ஏறாது. வெறும் தண்ணீரை ஏற்றி ஒரு மணி நேரம் ஓட விட்டு, கிண்ணத்தில் விழுந்ததை அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது. 100 காட்டினால் புதிதாக வருபவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தையை 90-க்கும் 95-க்கும் நடுவில் நிறுத்தத்தான் நாங்கள் மல்லுக்கட்டுகிறோம். மிஞ்சின ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுக்கும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவர்களே, சும்மா சும்மா அடிக்கிறதே என்று மேல் எல்லை அலாரத்தை 100-க்கு ஏற்றிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதின பாடமும் எதிரே இருக்கிற மெஷினும் ஒன்று என்று அவர்களுக்கு யாரும் சேர்த்துக் காட்டவில்லை.

2021-இல் வந்த செமஸ்டர் பாடத்திட்டம் சிமுலேஷனுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஸ்கில் லேபும் கட்டியிருக்கிறீர்கள். இன்ஸ்பெக்ஷன் அன்று தவிர மற்ற நாளில் பூட்டைத் திறப்பதுண்டா என்று நான் கேட்கப்போவதில்லை.

எங்கள் ஸ்டோரில் இனி உபயோகமில்லை என்று கழித்துவிட்ட (கண்டம் ஆன) வார்மர் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. பயோமெடிக்கல் இன்ஜினீயரிடம் விசாரித்தேன். ஹீட்டர் ஓடும், ப்ரோப் மட்டும் புதிதாக வேண்டும் என்றார். பயிற்சிக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு நீங்கள் டீனுக்கு ஒரு கடிதம் கொடுத்தால், மற்றதற்கு நான் அலைகிறேன். மதியம் ஹேண்ட்ஓவர் முடிந்ததும் அடுத்த பால் நேரத்துக்கு முன்னால் அரை மணி கிடைக்கும். நாற்பது பேரை ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பாதீர்கள், நாலு நாலு பேராக வரட்டும். பொம்மை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், எங்களிடம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்