குளோனிங் கணக்கில் விடுபடும் கருமுட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் இறந்த பிள்ளையை குளோனிங் மூலம், அதாவது அதன் செல்லில் இருந்து நகலெடுத்து, திரும்பப் பெறலாமா கூடாதா என்று தங்கள் வாசகர் பக்கத்தில் சில நாட்களாக விவாதம் நடக்கிறது. ஒரு சாரார் அறிவியல் என்கிறார்கள், மறு சாரார் கடவுளின் வேலையில் கைவைப்பது என்கிறார்கள். தோலில் ஒரு துளி கிள்ளி எடுத்தால் ஆள் வந்துவிடுவான் என்று மட்டும் இரு சாராருமே நம்புகிறார்கள். நடுவே யாருடைய உடம்பு பாடுபடுகிறது என்று ஒரு கடிதம்கூடக் கேட்கவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு குளோன் புதிதல்ல. மல்கோவா ஒட்டுக்கன்று ஒவ்வொன்றும் தாய்மரத்தின் குளோன்தான். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சாண் மரவள்ளிக் கரணை வெட்டி ஊன்றுகிறார்களே, அதுவும் குளோன்தான். ஆனால் கரணை தானே வேர்விடும், தானே துளிர்க்கும். மாட்டின் காதுத் தோலுக்கு அந்த வித்தை தெரியாது. அதை முழுக் கன்றாக வளரும் கருவாக மாற்ற சினைமுட்டை வேண்டும், சுமக்க ஒரு கருப்பை வேண்டும். சிக்கலெல்லாம் இந்த இரண்டில்தான்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். நகலெடுக்க வேண்டிய மாட்டின் காதிலோ வால் அடியிலோ சிறு துண்டுத் தோல் எடுத்து செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பார்கள். வேறு மாடுகளின் சினைமுட்டைகளை ஏறத்தாழ ஒரு நாள் முதிரவைத்து, ஒவ்வொன்றிலும் உட்கருவை நீக்குவார்கள். காலியான முட்டையோடு தோல் செல்லை மின்துடிப்பில் இணைத்து, ரசாயனத்தால் தூண்டி, ஏழெட்டு நாள் வளர்த்து, தேறியவற்றை மட்டும் பருவம் ஒத்த பசுவின் கருப்பைக்குள் விடுவார்கள். ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையம் எருமைகளில் கையாண்ட முறை இன்னும் எளிது. விலை உயர்ந்த நுண்கருவி வேண்டாம், முட்டையைக் கையாலேயே சிறு கத்தியால் இரண்டாக வெட்டி உட்கரு உள்ள பாதியை எறிந்துவிடுவார்கள். மிஞ்சும் பாதிகள் இரண்டைச் சேர்த்தால்தான் ஒரு கருவுக்குப் போதும். அதாவது ஒரு கருவுக்கு இரண்டு முட்டை. செலவு குறைந்தது, முட்டைத் தேவை கூடியது.

கெட்டுப்போவது எங்கே? தோல் செல்லின் டிஎன்ஏ மீது "நீ தோல்" என்று ஆண்டுக்கணக்கில் பதிந்த ரசாயன அடையாளங்கள் உண்டு. முட்டை அவற்றைச் சில மணி நேரத்தில் அழித்தாக வேண்டும். அரைகுறையாக அழிந்தால் முதல் அடி நஞ்சுக்கொடிக்கு விழுகிறது. கரு கலையும். கலையாவிட்டால் கருவைச் சூழ்ந்த பைகளில் நீர் அளவுமீறிச் சேரும், கன்று அளவுக்கு மீறிப் பெருக்கும், பசுவின் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க நேரும். எடுத்த கன்று மூச்சுவிடத் திணறும். 2009 பிப்ரவரியில் கர்னாலில் பிறந்த முதல் குளோன் எருமைக் கன்று சில நாட்களிலேயே இறந்தது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமா என்ற கன்று பிழைத்துப் பெயர் வாங்கியது. 2023 மார்ச்சில் கிர் பசுக்கன்று கங்கா பிறந்தது. திறமை வளர்ந்திருப்பதை மறுக்கவில்லை.

1996-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த டோலி ஆட்டின் கணக்கு பலமுறை அச்சானதுதான். 277 முட்டைகள் இணைக்கப்பட்டன, 29 கருக்கள் தேறின, 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள், ஒரு குட்டி பிறந்தது. இந்தக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டின் 2021-ம் ஆண்டு செயற்கைக் கருவூட்டல் சட்டப்படி ஒரு பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் கருமுட்டை கொடுக்கலாம், ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது. 277-ஐ ஏழால் வகுத்தால் 40 பெண்கள். ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து ஊசி செலுத்தி முட்டையை உறிஞ்சுவது. சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். அதன்பின் 13 வாடகைத் தாய்மார். ஒரு பிள்ளைக்காக!

மனிதருக்கு நெருங்கிய குரங்கில் நிலைமை தேறிவிடவில்லை. 2018-ல் ஷாங்காய் ஆய்வாளர்கள் குளோன் என்று அறிவித்த இரண்டு குட்டிகளும் கருவில் இருந்த குரங்கின் செல்லில் இருந்து வந்தவை. வளர்ந்த குரங்கின் செல்லை வைத்து 181 கருக்களை 42 குரங்குகளுக்குள் வைத்தார்கள். 22 சினையாயின. பிறந்தவை இரண்டு, இரண்டுமே விரைவில் இறந்தன. இறந்த பிள்ளையைக் கேட்பவர்கள் கேட்பது, பிறந்து வளர்ந்த உடம்பின் செல்லில் இருந்து செய்யும் இந்த இரண்டாவது வகையை.

முட்டைக்கு விலை வைத்தால் என்ன ஆகும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதார் மூலம் வயதைக் கூட்டிக் காட்டி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு வெளிவந்தது. விசாரணை சேலம் வரை வந்தது. அது வெறும் குழந்தைப்பேறு சிகிச்சைக்கான தேவை. அதன்மேல் நூற்றுக்கணக்கில் முட்டை கேட்கும் ஒரு தொழிலை ஏற்றினால் தரகர் எந்தத் தெருவுக்குள் நுழைவார் என்பது விசைத்தறிப் பகுதிகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். மனிதரை குளோன் செய்வதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. அந்தத் தடை இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து.

இத்தனைக்கும் வருவது அதே பிள்ளையும் அல்ல. 2001-ல் டெக்சாஸில் பிறந்த குளோன் பூனையின் உடல் நிறம் மூலப் பூனையின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை.

நோயாளிக்கு மாற்று உறுப்பு வளர்ப்பதன் கதை வேறு. சொந்த செல்லில் இருந்து குளோன் கரு செய்து சிறுநீரகம் வளர்க்கலாம் என்ற பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா, முட்டையே இல்லாமல் எலியின் தோல் செல்லை, உடலின் எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய குருத்தணுவாக மாற்றிக் காட்டினார். மறு ஆண்டு மனித செல்லிலும் முடிந்தது. பெண்ணுடம்பைத் தொடாத பாதை திறந்திருக்கும்போது ஆராய்ச்சிப் பணம் அந்தப் பக்கம் போகட்டும்.

கடைசியாக, அருகிவரும் நாட்டு மாட்டினமான ஆலம்பாடிக் காளைகளை குளோன் செய்து இனத்தைக் காக்கலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல எண்ணம், தவறான மருந்து. தாய்ச்செடியில் தேமல் நோய் இருந்தால் கரணையோடு அதுவும் புது வயலுக்கு வரும் என்பது மரவள்ளிக்காரருக்குத் தெரியும். ஒரே காளையைப் பத்தாக்கினால் அதன் மறைந்த குறையும் பத்தாகும். பத்துக் காளை நிற்கும், இனத்தில் ஒரு காளையின் ரத்தம்தான் இருக்கும். உறவில்லாத காளைகள் எத்தனை கிடைக்கிறதோ அத்தனையிலும் உறைவிந்து சேர்ப்பதே முதல் வேலை. கூடவே ஒவ்வொன்றின் காதுத் தோலிலும் சிறு துண்டு எடுத்து, முறைப்படி பதப்படுத்தி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துவிடலாம். விந்து எடுக்குமுன் செத்துப்போன அரிய காளைக்கு மட்டும் என்றைக்காவது குளோனிங்கை யோசிக்கலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். குளோன் கன்று பிறந்த செய்தி மாலை போட்ட படத்தோடு வருகிறது. அடுத்த முறை எத்தனை முட்டை, எத்தனை பசு, பிறந்த வாரத்திலேயே செத்தவை எத்தனை என்ற மூன்று எண்களையும் ஆய்வகத்திடம் கேட்டு வாங்கிப் படத்துக்குக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் இருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.