காத்திருந்து கற்றுத்தந்தவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும் சபையின் சகோதர சகோதரிகளுக்கும்,

கடந்த ஞாயிறன்று ஞானஸ்நானம் பெற்று நீரிலிருந்து எழுந்தபோது நன்றி சொல்ல நினைத்தேன், சொற்கள் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இம்மடலில் எழுதுகிறேன்.

ஐயா, மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் என்னோடு அமர்ந்து வாசித்தீர்கள். துன்பத்தைப் பற்றி நான் கேட்ட சில கேள்விகளுக்கு, உங்களுக்கும் அது முழுமையாக விளங்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். உறுதியாகச் சொன்ன மற்றவற்றை நான் நம்புவதற்கு அந்த நேர்மையே காரணமாயிற்று. வேதத்தில், எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் ஏறி, அவர் வாசித்துக்கொண்டிருந்த ஏசாயா தீர்க்கதரிசியின் பகுதியிலிருந்தே இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிலிப்புவைப் போல, நான் நின்ற இடத்திலிருந்தே நீங்களும் தொடங்கினீர்கள். நம்பிக்கையைக் குறித்துக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு மறுமொழி சொல்லும்படி பேதுரு எழுதியிருக்கிறார். மறுமொழியைவிட அந்தச் சாந்தமே அரிது என்பேன்.

என்னை முதலில் அழைத்துவந்த நண்பனுக்கு என் கடன் பெரிது. ஒருநாள் கோபத்தில் பலர் முன்னிலையில் என்னைக் கடுமையாகப் பேசிய நீ, மறுநாள் அதே பலர் முன்னிலையில் என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். தான் மன்னிக்கப்பட்டவன் என்று அறிந்தவனுக்கே அப்படித் தலைகுனிய முடியும் என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. புதிய ஏற்பாட்டில் 'கிறிஸ்தவர்' என்னும் பெயர் மூன்றே இடங்களில் வருகிறது. அந்தியோகியாவில் சீஷர்களுக்கு முதன்முதலாக வழங்கிய அப்பெயருக்குக் கிறிஸ்துவைச் சேர்ந்தவர் என்பதே பொருள். நல்லவனாகிவிட்ட பிறகு வந்துசேர வேண்டிய இடம் சபை என்று எண்ணியிருந்த எனக்கு, தகுதி பாராமல் ஏற்றுக்கொள்ளும் கிருபையை நம்பி, ஏற்றுக்கொண்டவரின் வழியில் நடக்கப் பழகுவதே கிறிஸ்தவ வாழ்வு என்று உன் செயல் காட்டியது.

என் பெயரைச் சொல்லி நாள்தோறும் ஜெபித்த, சபையிலுள்ள அம்மாவுக்கும், வேதபாட வகுப்பில் என் ஐயங்களைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு மறைத்து ஞானஸ்நானம் பெற வேண்டாம் என்று போதகர் ஐயா தடுத்து, நான் அவர்களிடம் பேசி முடிக்கும்வரை நான்கு மாதங்கள் பொறுத்திருந்தார். அவர்களுடைய வருத்தத்தையும் நேரில் சென்று கேட்டார். நம்பிக்கையில் இன்றும் என்னோடு உடன்படாத அவர்கள், அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அப்பா, அம்மா, உங்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்